பின்வண்டிக்கு ஒரு கால்

ஒசூர்ச் சாலையோரம் அரைமணி நேரம் நின்றவர் எவரும், நாற்பதடிப் பெட்டகத்தைச் சுமந்து செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. அவ்வண்டியை அப்படியே பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, கையடக்கமான கருவியொன்றிலிருந்து வானொலி அலைகளால் ஓட்டும்படி அமைத்தால் எப்படியிருக்கும்? லாரியும் பின்வண்டியும் சேர்ந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் வரும். முன்னால் மோட்டார், பற்சக்கரப் பெட்டி, திரும்பும் சக்கரங்கள். பின்னால், தனக்கென்று எந்த விசையும் இல்லாமல் இழுபட்டு வரும் பின்வண்டி. ஜப்பானில் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனத்தார் இந்த 14-இல் 1 என்னும் அளவை உலகெங்கும் பரப்பினார்கள். இப்போது வேறு பலரும் செய்கிறார்கள்.

இது விளையாட்டுப் பொருள் அல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். விளையாட்டுப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் விடுதி நண்பர் ஒருவருக்குச் சென்ற பருவத்தில் இதுவே ஆய்வுப் பொருளாகவும் இருந்தது. பின்வண்டி பூட்டிய லாரியைக் கணிப்பொறியே பின்னோக்கி ஓட்டவேண்டும் என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழு வாரமே இருந்தபோது, பின்வண்டியின் ஊன்றுகால் ஒன்று முறிந்தது. பார்க்கப்போனால் இணைப்பு முளையும் தேய்ந்திருந்தது. அந்த மாதிரி தமியாவினுடையது அன்று. அதைச் செய்தவர்கள் செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பழைய உதிரி பாகங்களைச் சேர்த்து வைத்து விற்கும் அயல்நாட்டு வணிகர் ஒருவர், அனுப்பினால் எட்டு வாரம் ஆகலாம் என்று பதில் எழுதினார். ஏழு வாரத்துக்குள் எட்டு வாரத்தை அடக்க எந்தக் கணிதத்தாலும் முடியாதாகையால், இரண்டையும் இந்நகரிலேயே செய்துகொள்வதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். இத்தகைய வேலையில் இறங்க எண்ணும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் அதன் விவரங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பின்வண்டியின் உடலமைப்பைச் சொல்லிவிட வேண்டும். 1914-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக் கருமார் ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்பவர், மரவணிகர் ஒருவரின் படகை ஏற்றிச் செல்வதற்காக, ஃபோர்டு காரின் பின்னால் பூட்டும் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்றைய பின்வண்டிகளின் முன்னோடிகளில் அது புகழ்பெற்றது. இவ்வகை வண்டிக்குச் சக்கரம் பின்பக்கத்தில் மட்டுமே உண்டு. முன்பாதியின் பாரம் முழுவதும் இழுக்கும் லாரியின் முதுகில் அமர்கிறது. நம் ஊர் மாட்டுவண்டியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. காளைகளை அவிழ்த்துவிட்டால் ஏர்க்கால் தரையில் சாயும்; சாயாதிருக்க முட்டுக் கொடுப்போம். லாரியைப் பிரித்தெடுத்தபின் பின்வண்டி மூக்குக் குப்புற விழாதபடி தாங்கும் முட்டுக்குத்தான் ஊன்றுகால் என்று பெயர் வைத்திருக்கிறேன். பக்கத்துக்கொன்றாக இரண்டு உண்டு. பூட்டிய பிறகு அவற்றை மேலே தூக்கிவிட வேண்டும்.

லாரியின் முதுகிலுள்ள தட்டுக்கு ஐந்தாம் சக்கரம் என்று பெயர். அது சக்கரமே அன்று. குதிரை வண்டிகளில் முன்னச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்திருந்த வளையத்தின் பெயர் லாரிக்கும் ஒட்டிக்கொண்டது. பின்வண்டியின் அடியிலிருந்து கீழ்நோக்கி நீளும் தடித்த முளையான கிங்பின், அந்தத் தட்டின் பிளவில் புகுந்து பூட்டிக்கொள்ளும். நாற்பது டன் வண்டியும் சாலையில் திரும்புவது இந்த ஒற்றை முளையைச் சுற்றித்தான். பெருந்தேருக்கும் சிறு அச்சாணியே உயிர் என்பதை வள்ளுவர் எடுத்துக்காட்டாக்கியிருப்பது நம் மன்றத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, கால் ஏன் முறிந்தது என்பதைப் பார்ப்போம். பொருள் சிறிதானால் வலிமையும் சிறிதாகும் என்று நாம் எண்ணுகிறோம். 1638-ஆம் ஆண்டிலேயே கலிலியோ இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு வண்டியை 14-இல் 1 பங்காகச் சுருக்கினால் அதன் எடை 14 × 14 × 14, அதாவது 2744 மடங்கு குறையும். சுமையைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ 14 × 14, அதாவது 196 மடங்குதான் குறையும். எனவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கவேண்டிய பாரம் பதினான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. இந்தக் கணக்கின்படி மாதிரி வண்டி உண்மை வண்டியைவிடப் பதினான்கு மடங்கு உறுதியாக இருக்கவேண்டும். ஆனால் உண்மை வண்டியின் கால் எஃகு. மாதிரியின் கால் பிளாஸ்டிக். சாதாரண எஃகு சதுர மில்லிமீட்டருக்கு நாற்பது கிலோவுக்குமேல் தாங்கும், ஏ.பி.எஸ். எனப்படும் பிளாஸ்டிக் ஏறத்தாழ நான்கு கிலோ தாங்கும். கிடைத்த பதினான்கு மடங்கு நன்மையில் பத்து மடங்கைப் பிளாஸ்டிக் விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய சிறு நன்மையை, மாடிப்படியில் வண்டியைத் தூக்கிச் செல்லும் நம் மாணவர்களின் கைகள் விழுங்கிவிடுகின்றன!

எங்கள் வண்டியில் கால் முறிந்தது நேரான பாரத்தினால் அன்று. கால்களைத் தூக்காமலே யாரோ லாரியை ஓட்ட, ஒரு கால் ஆய்வுக்கூடத்தின் நிலைப்படியில் மாட்டிக்கொண்டது. இதற்கும் கணக்கிருக்கிறது. லாரி மாதிரியின் எடை நான்கு கிலோ. சக்கரம் வழுக்குவதற்கு முன் அது இரண்டு கிலோ விசையோடு இழுக்கும். காலின் நீளம் 60 மில்லிமீட்டர். ஆகவே வேர்ப்பகுதியில் வளைக்கும் திறன் 2 × 60 = 120 கிலோ-மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு 5.7 கிலோ தகைவைத் தருகிறது. நான்கு தாங்கும் பொருளில் ஐந்தே முக்கால் வந்தால் என்ன ஆகும்? கால் வேரோடு முறிந்தது. அந்த இடத்தில் கூர்மையான உள்மூலை இருந்தது வேறு. கூர்மூலையில் தகைவு குவியும் என்பதை இயந்திரவியல் மாணவர் எல்லோரும் அறிவர்.

எட்டு மில்லிமீட்டர் விட்டத்தில் பிளாஸ்டிக்காலேயே செய்தால் தகைவு 2.4-ஆகக் குறையும். விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் உறுதி கூடுவதால் இரண்டே மில்லிமீட்டர் இத்தனை மாற்றத்தைச் செய்கிறது. ஆனால் காலைப் பிடிக்கும் வளையத்தில் எட்டு நுழையாது. எனவே ஆறு மில்லிமீட்டரிலேயே பித்தளையால் செய்வது என்று வந்தோம். பித்தளை இந்தத் தகைவைப்போல் இரண்டு மூன்று மடங்கை எளிதில் தாங்கும். கடைசலுக்கும் வெண்ணெய் போல் இணங்கும்.

கடைக்குக் கிளம்புமுன் அளவெடுக்கவேண்டும். இதில் புதியவர்கள் ஒரு வழியைப் பின்பற்ற நினைப்பதுண்டு: உண்மை வண்டியின் அளவைப் பதினான்கால் வகுத்துவிட்டால் போதாதா என்பார்கள். போதாது. சாலை வண்டிகளில் பெரும்பாலும் காணப்படும் கிங்பின்னின் விட்டம் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். பதினான்கால் வகுத்தால் 3.63 வரும். எங்கள் மாதிரியில் இருந்ததோ ஆறு மில்லிமீட்டர். மாதிரி செய்பவர்கள் கண்ணுக்குத் தெரியும் பாகங்களைத்தான் விகிதப்படி சுருக்குகிறார்கள். வேலை செய்யும் பாகங்களை வேலைக்கேற்ற அளவில் செய்கிறார்கள். ஆகவே முன்னால் இருக்கும் பொருளையே அளக்கவேண்டும். அதிலும், தேய்ந்த முளையின் நடுவை அளந்தால் தேய்மானத்தையே நகலெடுப்போம். தட்டினுள் புதைந்து உரசாமல் இருந்த மேற்பகுதியில் வெர்னியரை வைத்தபோது 6.00 காட்டியது, உரசிய இடத்தில் 5.7. அந்த 0.3-இன் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

பித்தளைக் கம்பிக்கு எஸ்.பி. சாலை என்று வழங்கும் சாதர் பத்ரப்பா சாலைப் பக்கம் போனோம். மின்னணுப் பொருள்களுக்கும் வன்பொருளுக்கும் பெயர்போன அந்தச் சந்துகளில், கேட்டால் கிடைக்காத பொருள் அரிது. கேட்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டியது ஓர் அடிதான் என்றாலும் கடைக்காரர் எடைக்கு நிறுத்துக் கொடுத்தார். கன்னடத்தில் பித்தளைக்கு ஹித்தாளெ என்று பெயர். பால் ஹாலு ஆனதுபோல் பித்தளை ஹித்தாளெ ஆயிற்று. முதலெழுத்தை மாற்றிக்கொண்டால் பாதி வணிகம் முடிந்துவிடும் என்பது இந்நகரில் வாழும் நம்மவர்க்கு ஒரு வசதி!

கடைசலுக்குப் பீனியா. ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றென்று சொல்லப்படும் அந்த வட்டாரத்துக்கு இப்போது மெட்ரோவின் பச்சை வழித்தடத்திலேயே போய்விடலாம். இந்நகர் லேத்து வேலைக்குப் பெயர்பெற்றதற்குப் பின்னணி உண்டு. 1953-ஆம் ஆண்டு ஜாலஹள்ளியில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொடங்கப்பட்டு, சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் துணையோடு லேத்துகளைச் செய்யத் தொடங்கியது. விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவையும் இந்நகரில் எழுந்தன. அவற்றுக்குச் சிறு பாகங்கள் கடைந்து கொடுத்தே நூற்றுக்கணக்கான பட்டறைகள் வளர்ந்தன. அவற்றில் தமிழ் பேசும் கைகளுக்கும் குறைவில்லை. நாங்கள் போன பட்டறையின் மூத்த கடைசல்காரர் திருப்பத்தூர்ப் பக்கத்தவர். முறிந்த காலையும் எங்கள் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, இது எதுல மாட்டுது?”

“வண்டியோட அடிச்சட்டத்துல ஒரு வளையம் இருக்கு அண்ணே.”

“அந்த வளையத்தையும் கொண்டாந்திருக்கணும்ல? தனியா ஒரு காலைக் கடைஞ்சு நான் என்ன பண்றது? இது முறியாம இருந்தா, அடுத்து எது முறியும்?”

நண்பர் பையைத் திறந்து அடிச்சட்டத்தையே எடுத்து மேசைமேல் வைத்தார். கடைசல்காரர் அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு வளையத்தின் வேரைக் கட்டைவிரலால் தட்டிக் காட்டினார். அவர் கேட்ட கடைசிக் கேள்விதான் இந்த வேலையின் உயிர்நாடி.

நன்றாக எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் கால் முறிந்ததனால் அடிச்சட்டம் பிழைத்தது. காலைப் பித்தளையாக்கிவிட்டால் அடுத்தமுறை நிலைப்படியில் மாட்டும்போது கால் அசையாது. அதே 120 கிலோ-மில்லிமீட்டர், வளையத்தின் வழியாக அடிச்சட்டத்துக்குப் போகும். கால் முறிந்தால் கால் போயிற்று; சட்டம் பிளந்தால் வண்டியே போயிற்று. மாற்றுப் பாகம் செய்பவர்களுள் பெரும்பாலோர், பழையதைவிட உறுதியாகச் செய்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறார்கள். அந்தப் பெருமையின் விலையைப் பக்கத்துப் பாகம் கொடுக்கிறது. ஓர் இயந்திரத்தில் எங்கேயாவது ஒன்று முதலில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அது எது என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் நிலைப்படி தீர்மானித்துவிடும். வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலை இது. ஆலைகளிலும் விசை மிஞ்சினால் அறுந்துபோகும்படி வெட்டூசிகளை வைப்பது வழக்கம்.

எனவே காலின் அமைப்பை மாற்றினோம். பித்தளைக் காலின் மேல்முனை ஓர் எஃகு ஊசியில் கீல்போல் ஆடும். அதற்குப் பத்து மில்லிமீட்டர் மேலே, காலையும் சட்டத்தையும் சேர்த்து 2 மில்லிமீட்டர் நைலான் மரையாணி ஒன்று. காலடியில் இரண்டு கிலோ தள்ளினால் நெம்புகோல் கணக்கின்படி நைலான் ஆணியில் 2 × 60 ÷ 10 = 12 கிலோ வரும். அந்த அளவு நைலான் ஆணி வெட்டுப்படும் விசையும் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு கிலோதான். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் சட்டத்தில் அதே விசை சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோவாகத்தான் அழுத்தும், சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆணி அறுந்தால் கால் பின்னோக்கி மடியும், அவ்வளவே. பட்டாணி அளவுள்ள ஓர் ஆணி, விலை சில ரூபாய், பாதுகாப்பது முழு வண்டியை. கடைசல்காரர் வரைபடத்தின் ஓரத்தில் தம் பென்சிலால் இன்னொன்றும் சேர்த்தார்: வேரிலிருந்த கூர்மூலைக்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு. மறுநாள் மாலை இரண்டு கால்களும் தயார். ஒன்றுதான் முறிந்தது, இரண்டாகக் கடைந்துகொண்டதற்குக் காரணம், ஒருபக்கம் பித்தளையும் மறுபக்கம் பிளாஸ்டிக்குமாக இருந்தால் வண்டி ஒருபக்கம் கனக்கும்.

இனிக் கிங்பின். இங்கே கவலை உறுதியைப் பற்றியது அன்று, ஆட்டத்தைப் பற்றியது. நண்பரின் வண்டியில், பின்வண்டி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைக் கணிப்பொறிக்குச் சொல்ல ஒரு கோணமானி உண்டு. கிங்பின்னோடு பொருத்திய சிறு ஊசி, மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி நின்று அதைச் சுழற்றுகிறது. முளையில் 0.3 மில்லிமீட்டர் தளர்ச்சி இருந்தால், ஊசி அந்த அளவு சும்மா அசையலாம். 0.3-ஐ 8-ஆல் வகுத்தால் இரண்டு பாகைக்குச் சற்று மேல். இரண்டு பாகைதானே என்று தோன்றும். முன்னோக்கி ஓடும் வண்டிக்கு அது ஒன்றுமில்லை; இழுக்க இழுக்கப் பின்வண்டி தானே நேராகிவிடும். பின்னோக்கிப் போகும்போது நிலைமை தலைகீழ். முளையிலிருந்து பின்னச்சு வரையுள்ள தூரம் எங்கள் மாதிரியில் 56 சென்டிமீட்டர். அந்தத் தூரத்தை ஒருமுறை பின்னோக்கிக் கடந்தால் கோணப்பிழை 2.7 மடங்காகிறது. இரண்டு பாகை ஐந்தரை ஆகும். இன்னொரு 56 சென்டிமீட்டரில் பதினைந்து. மூன்றாவது முறையில் நாற்பது. லாரியும் பின்வண்டியும் பேனாக்கத்தியைப்போல் மடிந்து நிற்கும். அனுபவமிக்க நாமக்கல், சங்ககிரி ஓட்டுநர்கள் பின்வண்டியைப் பின்னோக்கி விடும்போது ஸ்டீயரிங்கை ஓயாமல் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருப்பது இதனால்தான். 1990-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் நுயென், விட்ரோ இருவரும் செயற்கை நரம்பு வலையைக்கொண்டு கணிப்பொறிக்கு இதைக் கற்பித்து வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் பேசப்படுவது. அவர்களுடைய லாரி கணிப்பொறித் திரைக்குள் ஓடியது. அதன் முளை தேயாது. நண்பருடையது தரையில் ஓடவேண்டும்.

இந்த முளையைக் கடையவேண்டிய தேவையே ஏற்படவில்லை. அச்சுக்கருவி செய்பவர்கள் இரண்டு தகடுகளைத் துல்லியமாகப் பொருத்துவதற்கு டவல் பின் என்னும் எஃகு ஊசிகளைப் பயன்படுத்துகிறார்கள். கெட்டிப்படுத்தித் தீட்டப்பட்ட இவ்வூசிகளின் விட்டம் மில்லிமீட்டரில் நூறிலொரு பங்கு அளவுக்கு மேல் பிசகாது. ஆறு மில்லிமீட்டர் டவல் பின் ஒன்று, பீனியாவிலேயே வன்பொருள் கடையில் கிடைத்தது. எங்கள் மாதிரியின் முளையில் கழுத்துப்பள்ளம் இல்லாததால் அதை அப்படியே வைக்கமுடிந்தது. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் பொருளைக்கொண்டு முடிகிற வேலையை நாமே செய்ய முனைவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. தட்டிலுள்ள துளையை மட்டும் கடைசல்காரர் ரீமரால் சீராக்கி, ஊசியை இறுகலாகச் செலுத்திக் கொடுத்தார்.

முப்பரிமாண அச்சுப்பொறியைக் கொண்டு எல்லாவற்றையும் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. காலின் அடியில் பொருத்தும் சிறு பாதத்தையும், சேற்றுக்காப்பைப் பிடிக்கும் கொக்கியையும் நாங்கள் அச்சிட்டே செய்தோம். ஆனால் அச்சுப்பொறி பொருளை அடுக்கடுக்காகப் படைக்கிறது. அடுக்கி வைத்த தோசையை மேலிருந்து அழுத்தினால் ஒன்றும் ஆகாது; பக்கவாட்டில் நெம்பினால் பிரிந்துவரும். நிமிர்ந்த நிலையில் அச்சிட்ட கால், நிலைப்படியில் மாட்டினால் அப்படித்தான் பிரியும். படுக்கவைத்து அச்சிட்டால் ஓரளவு தேறும். பி.எல்.ஏ. என்னும் எளிய பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் நெகிழத் தொடங்குகிறது என்பதையும் மறக்கலாகாது. பெங்களூரு வெயில் இதமானதுதான், ஆனால் கண்ணாடி மூடிய காருக்குள் அந்த இதம் இருப்பதில்லை.

சக்கரங்களின் உருளைத்தாங்கிகள் 5 மில்லிமீட்டர் உள்விட்டமும் 11 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்டவை, எங்கும் கிடைக்கும். உடைந்த சிவப்பு விளக்குக் கண்ணாடிக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் துண்டும் மகளிர் நகப்பூச்சும் போதுமாயிருந்தன. நகப்பூச்சை எங்கிருந்து பெற்றோம் என்பதை இம்மலரில் எழுத நண்பர் இசையவில்லை.

வேலை முழுவதும் பதினோரு நாளில் முடிந்தது. புதிய முளையைப் பொருத்தியபின் கோணமானியில் தளர்ச்சி கால் பாகைக்கும் குறைந்தது. வண்டி எட்டு மீட்டர் வரை மடியாமல் பின்னோக்கி ஓடியது. ஆய்வேடும் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. இடையில் இரண்டுமுறை கால் நிலைப்படியில் மாட்டியது. இரண்டுமுறையும் நைலான் ஆணி அறுந்தது. சட்டத்தில் கீறல் இல்லை. அறுந்த ஆணியை ஊசிமுனையால் தள்ளி வெளியேற்றிப் புதியதை முடுக்க மூன்று நிமிடம் ஆகிறது. காலின் வரைபடமும், மிச்சமிருக்கும் பதினெட்டு நைலான் ஆணிகள் போட்ட தீப்பெட்டியும் மன்ற அறையின் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன, வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்.